அரை யூனிட்

கல்லூரியில் ஒரு மணி நேரம் என்றால் ஐம்பது நிமிஷம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அப்படித்தான். ஒரு கும்பல் வகுப்பைவிட்டு வெளியே வந்து, இன்னொரு கும்பல் உள்ளே போய் உட்காரப் பத்து நிமிஷம் வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்து, அந்தப் பத்தையும் மணிக்குள்ளேயே சேர்த்துவிட்டார். வாரம் ஒரு மணி, பதினைந்து வாரம் என்றால் ஒரு கிரெடிட். வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் இரண்டு மணி படிக்க வேண்டும். அதுவும் அந்த ஒரு கிரெடிட்டுக்குள் அடக்கம். படிக்கிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதே வேலை. யார் எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறார், பட்டத்துக்கு இன்னும் எத்தனை குறைகிறது, வேறு கல்லூரியில் படித்தது இங்கே எவ்வளவு செல்லும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘கிரெடிட் அண்ணன்’. இந்த விஷயத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். அந்தக் கொட்டை போய் என் மனைவியின் தொண்டையில் சிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் மனைவி நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் பத்தொன்பது வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி மூன்று யூனிட் காட்ட வேண்டும். ஒரு யூனிட் என்பது பத்து மணி நேரம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியே வகுப்பு நடத்திக் கணக்கையும் முடித்துக் கொடுத்துவிடும். இந்த முறை, அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். வார்டு வேலை முடிந்து வந்தவள் அந்தச் சுற்றறிக்கையை என் முன்னால் வைத்தாள். நான் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

“இதெல்லாம் எனக்கு ஜுஜுபிம்மா. ஊருக்கே எண்ணிக் குடுக்கறேன், உனக்கு எண்ண மாட்டனா? விடு, நான் பாத்துக்கறேன்.”

எங்கள் கல்லூரியிலேயே ஒரு வகுப்பைப் பிடித்தேன். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி, பதினைந்து வாரம். மொத்தம் முப்பது. கச்சிதமாகப் பொருந்தியது. அவள் உள்ளே படிப்பாள். நான் பிளாஸ்கில் டீயோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போவோம். ஷிஃப்ட் மாறி மாறி வரும் குடும்பத்தில் இப்படிச் சேர்ந்து நடப்பதே அபூர்வம். அந்தப் பதினைந்து வாரமும் நான் மாப்பிள்ளை மிடுக்கோடு இருந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வகுப்பு முடிந்த திங்கட்கிழமை, சான்றிதழை வாங்க இரண்டாம் மாடியில் இருக்கும் தொடர்கல்விப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருப்பவர் நிமிஷ மேடம். அவருக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. இரண்டு நிமிஷம் முன்னதாக விட்ட வகுப்புக்கு இரண்டு நிமிஷத்தைக் கழித்து எழுதியவர். கீழே எங்கள் மேஜைகளில் அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்பதில் நான்தான் முதல் ஆள்.

சான்றிதழில் ‘2.5’ என்று இருந்தது.

“மேடம், ரெண்டரைன்னு அடிச்சிருக்கு. மூணு வரணும்.”

“எத்தனை வகுப்பு நடந்தது?”

“வாரம் ரெண்டு மணி, பதினஞ்சு வாரம். முப்பது.”

“ஒரு மணின்னு நீங்க சொல்றது எத்தனை நிமிஷம்?”

“ஐம்பது,” என்றேன்.

“ஆயிரத்து ஐந்நூறு நிமிஷம் ஆச்சு. அறுபதால வகுத்துப் பாருங்க. இருபத்தஞ்சு மணி.” அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “இது கிரெடிட் இல்ல சார், யூனிட். இங்க மணின்னா அறுபது நிமிஷம். எழுந்து போற நேரம், வர்ற நேரம், டீ குடிக்கற நேரம் எதுவும் சேராது. வீட்ல உக்காந்து படிச்சதும் சேராது. வாத்தியாரும் படிக்கறவங்களும் எதிரெதிர்ல உக்காந்திருந்த நேரம் மட்டும்தான்.”

இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும், மாடிக்கு மேலே மணி வேறு என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை, அதுதான் உண்மை. விண்ணப்பம் அடுத்த திங்கள் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த வகுப்பு அடுத்த மாதம். லைசென்ஸ் ஒரு நாள் காலாவதியானாலும் அவள் நோயாளியைத் தொடக் கூடாது. மறுபடி தேர்வு எழுதி வாங்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அவள் இடம் அவளுக்காகக் காத்திருக்காது.

கீழே வந்து என் பீரோவைத் திறந்தேன். உள்ளே கல்லூரி முத்திரை இருந்தது. இரண்டரையை மூன்றாக்கும் வேலை எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. திறந்தபடியே நின்றுகொண்டிருந்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் நூறு புள்ளி நாலு என்றால் நூறு புள்ளி நாலு என்றே எழுதுகிறவள் அவள். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். பீரோவைப் பூட்டினேன்.

அன்று சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“ஏம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“நேத்துலேருந்து அதுக்குத்தான் சுத்திச் சுத்தி வரீங்க. சொல்லுங்க.”

சொன்னேன். அவள் பாதியிலேயே இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

“எவ்வளவு குறையுது?”

“அஞ்சு மணி நேரம். அரை யூனிட்.”

“திங்கட்கிழமைக்குள்ள வேற வகுப்பு இருக்கா?”

“இல்ல.”

அவள் திட்டவில்லை. ஒரு கை மட்டும் தேய்த்திருந்த யூனிஃபார்மை மடித்தாள். வழக்கமாகக் கதவுக் கொக்கியில் தொங்கவிடுவதை அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

“நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க. அதனால நான் பாக்கல,” என்றாள். பிறகு, “பதினேழாம் கட்டில்காரரை வேற யார் திருப்பிப் போட்டாலும் வலியில கத்துவாரு. அவருகிட்ட என்னன்னு சொல்றது?” என்று கேட்டாள். அவள் கேட்டது என்னை இல்லை.

புதன்கிழமை காலை நிமிஷ மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். சான்றிதழை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஏதாவது வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். கைகட்டி நின்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, விரலால் வரிவரியாகத் தேடினார்.

“ஒண்ணு இருக்கு. படிச்சாதான் கணக்குன்னு இல்ல, கத்துக்குடுத்தாலும் கணக்குத்தான். அங்கீகாரம் இருக்கற வகுப்பை ஒருத்தர் முதல் தடவையா நடத்தினா அந்த நேரம் அவங்க கணக்குல சேரும். ஒரு தடவைதான். பத்து வருஷ அனுபவம் வேணும். முழு நேரமும் எட்டுப் பேராவது இருக்கணும்.”

அவர் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. ‘வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது எப்படி: ஐந்து மணி நேர வகுப்பு, சனிக்கிழமை.’ நடத்த வேண்டியவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டதால், முந்தின நாள்தான் அதை ரத்து செய்ய எழுதி வைத்திருந்தார். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

“உங்க வீட்டம்மாவால முடியுமா?” என்று கேட்டார்.

“தாராளமா,” என்றேன். வீட்டம்மாவைக் கேட்காமலே இன்னொரு முறை.

வீட்டில் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. “நானா? மேடை ஏறியா?” என்றாள். ஒரு முறை தலைமை நர்ஸின் பணி ஓய்வு விழாவில் நாலு வரி வாசிக்க எழுந்து, இரண்டாவது வரியில் மைக்கை வைத்துவிட்டு இறங்கியவள் அவள். “நாலு பேர் ஒண்ணா என்னைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும், உங்களுக்கே தெரியும்.”

“வேற வழி இல்லம்மா.”

“தெரியுது,” என்றாள். சுள்ளென்று வந்தது. அதற்கு நான் தகுதியானவன்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினோம். முதல் மணியில் என்ன சொல்லுவாய் என்று கேட்டால், “என்ன சொல்றது, திருப்பிப் போடுறதுதான்,” என்பாள். நான் அதை ‘நோயாளியின் படுக்கை நிலையை மாற்றும் அடிப்படை முறைகள்’ என்று எழுதுவேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “இதைப் பாத்தா எனக்கே பயமா இருக்குங்க,” என்பாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வகுப்பு. ஒன்பது பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள். ஒரு தையல்காரர், அவருடைய தம்பி ஏணியிலிருந்து விழுந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாராம். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் தங்கையும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். மற்ற நாலு பேரும் அப்படியே, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்போடு. எட்டாவது ஆள் வேண்டுமே என்று நான் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். நிமிஷ மேடம் மூலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அறை நடுவில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். அதன்மேல் பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் பொம்மை, வாயைத் திறந்தபடி.

என் மனைவி பொம்மையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். “நோயாளியின் படுக்கை நிலை...” என்று தொடங்கினாள். அவ்வளவுதான். பொம்மையின் தோளைத் தொட்டாள், கையை எடுத்தாள். தாளைத் திருப்பினாள், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யாரோ இருமினார்கள். நிமிஷ மேடத்தின் பேனா எதையோ குறித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் போனது, எட்டு போனது. ஆறு மாதம், லைசென்ஸ், பதினேழாம் கட்டில் எல்லாம் என் கண்முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

பிறகு அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, “பொம்மைகிட்ட எனக்குப் பேச வராதுங்க,” என்றாள்.

நான் எழுந்து போனேன். பொம்மையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் சாக்ஸில் ஓட்டை வேறு.

“சிஸ்டர், முதுகு வலிக்குது,” என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம், அதை அடக்க அவளாலேயே முடியாது. அவள் கை தானாக என் தோளுக்கு வந்தது.

“எங்க வலிக்குது ஐயா? கீழயா, மேலயா? கொஞ்சம் பொறுங்க, திருப்பி விடறேன். பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்.” அப்புறம் நிமிர்ந்து, அவர்களைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னாள்: “இதான் முதல்ல. தொடறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறோம்னு சொல்லணும். சொல்லாம தொட்டா உடம்பு விறைச்சுக்கும். விறைச்ச உடம்பு ரெண்டு மடங்கு கனம்.”

“ஒரு நிமிஷம்,” என்றார் நிமிஷ மேடம் மூலையிலிருந்து. “சார் எட்டாவது ஆள். படுத்திருக்கறவர் வகுப்புல இருக்கறதா எடுத்துக்கலாமான்னு விதியில இல்ல.” யோசித்தார். “கண்ணு முழிச்சிருந்தா எடுத்துக்கறேன். தூங்கினா வெட்டிடுவேன்.”

அதற்குப் பிறகு என் மனைவி வெளுத்து வாங்கினாள். என் முழங்காலை மடக்கினாள், கையை மார்பின்மேல் குறுக்கே வைத்தாள், தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தன் பக்கம் உருட்டினாள். எண்பது கிலோ மனுஷன், காற்றுப்போல் திரும்பினேன். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் இருக்க வேண்டும், விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தையல்காரரைக் கூப்பிட்டு என்னைத் திருப்பச் சொன்னாள். அவர் துணி மடிப்பதுபோல் மடிக்கப் பார்த்தார், என் கழுத்து முறுக்கிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் தங்கையும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று, விரிப்போடு சேர்த்து என்னை மேலே இழுத்தபோது முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், அது கணக்கில் இல்லை. திரும்பி வந்து படுத்ததும்தான் ஆபத்து வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது. தலைக்குக் கீழே அவள் தலையணையை எப்படியோ ஒரு விதமாக வைத்தாள். இத்தனை வருஷமாக நானும் தலையணை வைத்துத்தான் படுக்கிறேன், இப்படி ஒரு இடம் அதில் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் கை முதுகெலும்பு ஓரமாக மெதுவாக இறங்கியது. ஆஸ்பத்திரியில் யார் யாரோ, பேர் தெரியாதவர்கள் எல்லாம், இந்தக் கையை என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். பதினேழாம் கட்டில்காரர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்குக் களைத்து வரும் கைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது அவற்றைப் பிடித்துவிட்டிருக்கலாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே என் இமை இறங்கியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நிமிஷ மேடம் எழுந்து எட்டிப் பார்க்கிறார்.

என் காதுக்குப் பக்கத்தில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

“ஐயா, கண்ணைத் திறந்து வையுங்க,” என்றாள் சிஸ்டர்.

மூன்றரைக்குப் பாடம் முடிந்தது. நாற்காலிகள் நகரத் தொடங்கியபோது நிமிஷ மேடம் கையைத் தூக்கினார்.

“காலைல முதல் பத்து நிமிஷம் வகுப்பு நடக்கல. இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. யாரும் எழுந்திரிக்காதீங்க.”

எல்லாரும் உட்கார்ந்தார்கள். என் மனைவியிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, தாளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தேன், அவள் கை என் முதுகில் இருந்தது.

“இன்னொண்ணு,” என்றாள் அவர்களிடம். “பேச்சுக் குடுக்கணும். ஒரே சுவத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்கறவங்களுக்கு அதுதான் மருந்து. பெரிசா ஒண்ணும் வேண்டாம். பாருங்க.” குனிந்தாள். “ஐயா, வீட்ல யாரு இருக்காங்க?”

“மனைவி,” என்றேன்.

“என்ன பண்றாங்க?”

“நர்ஸ்.”

“அப்ப கவலை இல்ல. நல்லா பாத்துக்குவாங்க.”

“பாத்துக்கறாங்க. நான்தான் அவங்களைப் பாத்துக்கல.”

வேடிக்கையாகத்தான் சொல்ல வந்தேன். குரல் உடைந்துவிட்டது. தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏன், என்ன ஆச்சு?” அவள் குரலும் முன்போல் இல்லை.

“எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு தலைக்கனம். ஒரு வார்த்தை கேக்காம எண்ணிட்டேன், தப்பா எண்ணிட்டேன். அவங்க பத்தொன்பது வருஷ வேலைக்கு உலை வெச்சிட்டேன். மன்னிச்சிருன்னு சொல்லக்கூட இல்ல. அஞ்சு நாளாச்சு.”

என் கண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. ஒருக்களித்துப் படுத்தால் அப்படித்தான் இறங்கும் போலிருக்கிறது. முதுகில் இருந்த அவள் கை ஒரு கணம் கனத்தது. எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்க அவளுக்கு உரிமை இருந்தது.

“இப்படித்தான்,” என்றாள் அவள், வகுப்பைப் பார்த்து. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். “இப்படித்தான், பேச்சுக் குடுத்தா மனசுல இருக்கறதைத் திடீர்னு சொல்லிடுவாங்க. நமக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாது. பதில் வேண்டாம். அப்ப மட்டும் கையை எடுத்துடாதீங்க.”

மூலையில் நிமிஷ மேடம் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பதிவேட்டில் ஐந்து மணி நேரம் என்று எழுதி, எட்டுப் பெயருக்கும் நேராகக் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். “முடிஞ்சது,” என்றார். அரை யூனிட் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். அக்காவும் தங்கையும் என்னவோ பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். அவள் கையை எடுக்கவில்லை.